எண்ணெய் கேட்காத மிஷின்

எங்கள் கம்பெனியின் மதராஸ் தலைமை அலுவலகத்தில் இரண்டாம் மாடி. ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாங்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். உள்ளே சாமி இல்லை. கம்ப்யூட்டர் இருந்தது.

அதற்குத் தூசி ஆகாதாம். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையிலிருந்து எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வழியெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்து வந்ததில் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண்ணாவது தலையில் இருந்திருக்கும். அதை யாரும் கேட்கவில்லை, செருப்பை மட்டும் வெளியே விடச் சொன்னார்கள்.

உள்ளே போனதும் பெண்கள் நாங்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டோம். அதுவரை நான் அறிந்த குளிர் மார்கழிக் குளிர்தான். பங்குனி மாதத்தில் காசு கொடுத்து இப்படி ஒரு குளிரை உண்டாக்குவார்கள் என்று எனக்குத் தெரியாது.

சாம்பல் நிறத்தில் வரிசையாகப் பீரோக்கள் மாதிரி நின்றன. என் வீட்டுக்காரர் கூட்டத்தை விட்டு விலகி, நடுவில் இருந்த பெரிய பீரோவிடம் போனார். அதன் பக்கவாட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தோம்.

"ஓடலையே" என்றார்.

சுற்றிக் காட்டிய இளைஞர், கம்ப்யூட்டர் இப்போது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று பணிவாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் மறு காதையும் வைத்துப் பார்த்தார். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, மிஷின் ஓடுகிற சத்தம் இல்லை என்றார். பிறகு தோள்பையிலிருந்து நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பியை எடுத்தார்.

"இதுக்கு எண்ணெ எங்க உடணும்?"

அறை முழுக்கச் சிரித்தது. அது என் புருஷனாக இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன். அவரும் சிரித்தபடிதான் குப்பியைப் பைக்குள் வைத்தார். ஆனால் வேனில் திரும்பி வரும்போது கும்மிடிப்பூண்டி வரைக்கும் அந்தப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே வந்தார்.

சத்தம் போட்ட மிஷின்

போன வாரம் இந்தத் தொடரில், கார்டில் ஓட்டை போடும் எங்கள் பஞ்ச் ரூமைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, அந்த அறையில் உங்கள் கணவருக்கு என்ன வேலை என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் சம்பாதித்த கதையையே எழுதிக்கொண்டு போகிறேன், அவரை ஏதோ டிபன் டப்பா தூக்கி வந்தவர் மாதிரி விட்டுவிட்டேன்.

அவர் பெயர் முனிரத்தினம். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இந்த வயதில் சொன்னால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்.

கார்டில் ஓட்டை போடுவது என் வேலை. போல்ட் இத்தனை வந்தது, பைப் இத்தனை போனது என்று ஸ்டோர் சீட்டில் இருப்பதை, கெட்டி அட்டையில் ஓட்டையாக மாற்ற வேண்டும். அந்தக் கார்டுகளை டேபுலேட்டர் என்கிற பெரிய மிஷினில் கொடுத்துக் கணக்கை அச்சாக வாங்குவது அவர் வேலை.

அது கம்ப்யூட்டருக்குப் பாட்டன் முறை. ஓட்டை இருக்கிற இடத்தில் ஒரு பித்தளைத் தூரிகை உள்ளே தொடும், மின்சாரம் பாயும், ஒரு சக்கரம் ஒரு பல் நகரும். மோட்டார், பல்சக்கரம், ரிலே என்று எல்லாமாகச் சேர்ந்து போடும் சத்தத்தில், பக்கத்து ஷெட்டில் இரும்பு அறுக்கிறவர்கள் வந்து எங்களிடம் புகார் சொல்வார்கள்.

ஓட்டை போட்ட அட்டையைக் கொண்டு எண்ணும் யோசனை, அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வந்ததாம். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் டிக்கெட்டில் ஓட்டை போடுவதைப் பார்த்து ஒருவருக்குத் தோன்றியது என்று பிற்பாடு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எனக்கு அதை நம்புவதில் கஷ்டமே இல்லை. என் வாழ்க்கையிலும் ரயிலும் ஓட்டையும் சேர்ந்தேதான் வந்திருக்கின்றன.

ஓட்டை போடும்போது உதிரும் துணுக்குகளை நாங்கள் பொட்டு என்போம். சாயங்காலம் கொண்டை அவிழ்த்தால் பொட்டுப் பொட்டாகக் கொட்டும். நவராத்திரிக்கு அதையே அள்ளிப் போய் கொலுவுக்குக் கீழே பார்க் பாதையாகத் தூவுவோம். ஒரு வருடம் மானேஜர் வீட்டுக் கொலுவில் எங்கள் பொட்டைப் பார்த்தேன். சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறார்.

சோழவரத்தில் ஒரு ஞாயிறு

கல்யாணமான புதிதில் அவர் என்னை முதன்முதலாக வெளியே அழைத்துப் போனது சோழவரம் கார் ரேஸுக்கு. மற்றவர்கள் பீச்சுக்குப் போவார்கள், எக்ஸிபிஷனுக்குப் போவார்கள். எனக்கு வாய்த்தது வெயில், புழுதி, காது கிழியும் சத்தம்.

எல்லோரும் எம்பி எம்பிப் பார்க்கிறார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உடம்பு சரியில்லையோ என்று நான் பயந்துவிட்டேன். அந்த நீலக் கார் இன்னும் ஒரு சுற்றுதான் வரும், உள்ளே ஏதோ தட்டுகிறது என்றார். மறு சுற்றில் நீலக் கார் புகையோடு ஓரத்தில் நின்றது. திரும்பி என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்புக்காக, அந்தப் புழுதியை நான் மன்னித்துவிட்டேன்.

டேபுலேட்டரையும் அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டார். வாசலில் நுழையும்போதே எந்தப் பக்கம் எண்ணெய் கேட்கிறது என்று சொல்லுவார். எண்ணெய் கேட்கிறது என்பது அவருடைய பேச்சு, குழந்தை பால் கேட்கிறது என்பது போல.

அவருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. கார்டுகளைக் கட்டாகத் தட்டி ஒழுங்குபடுத்தியதும், மேல் ஓரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு இழுப்பார். ஒவ்வொரு கார்டின் விளிம்பிலும் ஒரு புள்ளிதான் விழும். கட்டாகப் பார்த்தால் கோடு. ஒரு கார்டு இடம் மாறினாலும், வகிடு கோணினது போல அது உடனே தெரியும். அவர் கோடு போடாத கட்டு எங்கள் அறையை விட்டு வெளியே போனதில்லை.

பரீட்சை

கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று தொழிற்சாலை கேட்டில் கோஷம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்களிடம் யாரும் வேலை போகும் என்று சொல்லவில்லை. டேபுலேட்டரை எடுத்துவிடுவோம், ஆட்களுக்குப் பரீட்சை வைப்போம், தேறுகிறவர்கள் மதராஸில் ப்ரோகிராம் எழுதப் பயிற்சி எடுக்கலாம் என்றார்கள்.

நாங்கள் இருவரும் எழுதினோம். கேள்வித்தாள் முழுக்க ஆங்கிலம். இந்த வரிசையில் அடுத்த எண் எது, இந்தப் படத்தைத் திருப்பினால் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். எந்த மிஷினில் என்ன சத்தம் வந்தால் என்ன கோளாறு என்று ஒரு கேள்வி கூட இல்லை.

நோட்டீஸ் போர்டில் என் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை.

அன்று சாயங்காலம் கவரைப்பேட்டைக்கு அந்தண்டை இருக்கும் எங்கள் ஊருக்குச் சேதி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. என் மாமனாரை வீட்டில் எல்லோரும் நைனா என்போம். வயலிலிருந்து வந்தவர் கால் கூடக் கழுவாமல் மகனிடம் கேட்டார்.

"அவ பட்ணம் போயி படிச்சாக்கா, நீ இங்க இன்னாடா பண்ணுவ?"

"அவ போவட்டும் நைனா" என்றார் இவர். அத்தோடு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அந்தப் 'போவட்டும்' எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. மனசார விட்டுக் கொடுத்த போவட்டுமா, எக்கேடோ கெட்டுப் போ என்கிற போவட்டுமா? கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. கேட்டு, பதில் இரண்டாவதாக இருந்துவிட்டால் நான் போயிருக்கவும் முடியாது, இருந்திருக்கவும் முடியாது.

கோடு வேண்டாம்

பயிற்சி நாட்களில் காலை பாசஞ்சரில் மதராஸ் போவேன். மற்ற நாட்களில் தொழிற்சாலையில் என் பழைய பஞ்ச் மிஷினிலேயே ப்ரோகிராம் கார்டுகளை அடிப்பேன். ஒரு கார்டுக்கு ஒரு கட்டளை. இதைக் கூட்டு, அதைக் கழி, குறைந்தால் இந்தப் பக்கம் போ, கூடினால் அந்தப் பக்கம் போ. வரிசை மாறினால் எல்லாம் போச்சு. சோறு வெந்த பிறகு அரிசி கழுவுகிற மாதிரி ஆகிவிடும்.

பயிற்சி கொடுத்தவர் அந்தக் கண்ணாடி அறை இளைஞர்தான். நல்ல பிள்ளை, கண்டிப்பானவர். எங்கள் வழக்கப்படி கார்டுக் கட்டின் மேல் கோடு போடலாமா என்று கேட்டேன். வேண்டாம், பென்சில் தூள் கார்டு ரீடரில் சேரும், ஒவ்வொரு கார்டிலும் கடைசிக் கட்டங்களில் வரிசை எண்ணை ஓட்டையாகப் போட்டால் போதும் என்றார்.

அதை வீட்டில் வந்து சொன்னேன். "சரி" என்றார் இவர். அந்த மாதங்களில் அவர் என்னிடம் அதிகமாகப் பேசிய வார்த்தை அதுதான்.

இதற்கு நடுவில் டேபுலேட்டரைக் காயலான் கடைக்காரர் வந்து எடுத்துப் போனார். லாரி வருவதற்கு முன்னால் இவர் குப்பியை எடுத்துக்கொண்டு போய் அதன் எல்லா மூட்டிலும் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உடைத்து விற்கப் போகிறதுக்கு எதுக்குப்பா எண்ணெய் என்று யாரோ கேட்டார்கள். "கேக்குதே" என்றார். நான் கார்டு அடிப்பது போல் தலையைக் குனிந்துகொண்டேன். அழுதுகொண்டிருந்தேன்.

அவரைக் கம்ப்ரஸர் அறைக்கு மாற்றினார்கள். காலையில் என் கார்டுப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரை தள்ளிக்கொண்டு வருவார். ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

கடைசியில் ஒரு நாள் குறித்தார்கள். பயிற்சியில் இருந்த ஒவ்வொருவருடைய ப்ரோகிராமும் அன்று கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். ஓடினால் ப்ரோகிராம் வேலை. ஓடாவிட்டால் கும்மிடிப்பூண்டிக்கே திரும்பி டைப்பிஸ்டாக இருக்க வேண்டும். ஆளுக்குக் கிடைப்பது சில நிமிஷம். தவறவிட்டால் மறுபடி கேட்க முடியாது, கம்ப்யூட்டரின் நேரம் மந்திரியின் நேரத்தை விட அருமை.

மீஞ்சூரில்

அன்று வண்டியில் பொன்னேரியில் தேசம்மா ஏறினாள். பழவேற்காட்டிலிருந்து இறால் கூடையோடு தினமும் மதராஸுக்கு வருகிறவள், என் ரயில் சிநேகிதி. கூடையைக் கதவோரம் வைத்துவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நாஷ்டா ஆச்சா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

கார்டுகளுக்குக் குறுக்கே இவர் நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. நடுவில் ஒரு கார்டைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று சந்தேகம். நாடாவை அவிழ்த்துக் கட்டை வெளியே எடுத்து மடியில் வைத்தேன்.

மீஞ்சூரில் வண்டி நின்றதும் ஒரு கூட்டம் மூட்டை முடிச்சோடு ஏறியது. ஒரு மூட்டை என் தோளில் இடித்தது. மொத்தக் கட்டும் தரையில் சரிந்து, பெஞ்சுக்கு அடியில், ஜனங்களின் காலுக்கு இடையில், கதவு வரைக்கும் போய் விழுந்தது.

நான் அப்படியே தரையில் மண்டி போட்டேன்.

தேசம்மாதான் அதட்டினாள். காலைத் தூக்குங்க, மிதிக்காதீங்க என்று அவள் போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் பெஞ்சு மேல் காலைத் தூக்கிக்கொண்டார்கள். நாலைந்து பெண்கள் என்னோடு சேர்ந்து பொறுக்கினார்கள். கார்டு எல்லாம் கைக்கு வந்துவிட்டது. வரிசை போய்விட்டது.

வரிசை எண் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போட்டேன். ஆனால் தப்பு கண்டுபிடித்துக் கண்டுபிடித்து நடு நடுவே புதுக் கார்டு செருகியதில், பாதிக்கு மேல் எண் குழம்பிக் கிடந்தது. எங்கள் பழைய பஞ்ச் மிஷின் கார்டின் மேலே எழுத்தும் அச்சடிக்காது, வெறும் ஓட்டைதான். ஒவ்வொரு ஓட்டையாகப் படித்து அடுக்கி முடிப்பதற்குள் வண்டி சென்ட்ரல் போய், திரும்பியும் வந்துவிடும்.

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். தேசம்மா தன் கையில் இருந்த கார்டுகளைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"இன்னா சரோசா, அடியில கலர் கலரா வச்சிகீற, இது இன்னாத்துக்கு?"

அடியில் ஒன்றும் இல்லையே என்றேன். அவள் கார்டைத் திருப்பிக் காட்டினாள். கீழ் ஓரத்தில், ஊசி முனை அளவுக்குப் புள்ளிகள். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

இன்னொரு கார்டை எடுத்தேன். அதிலும் இருந்தது, கொஞ்சம் தள்ளி. புதிதாகச் செருகிய கார்டு ஒன்றை எடுத்தேன். கறுப்பும் நீலமும் இல்லை, சிவப்பு மட்டும் இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. யாரும் பார்க்காத அடி ஓரத்தில் அவர் கோடு போட்டிருக்கிறார். நான் புதுக் கார்டு செருகி வரிசையை மாற்றியபோதெல்லாம், பழைய கோடு உடைந்துபோகும் என்று, வேறு நிறத்தில் புதிதாக ஒரு கோடு. நான் அடுப்படியில் இருந்தபோதோ குளிக்கப் போனபோதோ போட்டிருக்க வேண்டும். நான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்த அத்தனை மாதமும் போட்டிருக்கிறார்.

ரயிலில் அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு அழுகை வந்தது. தேசம்மா பயந்துவிட்டாள். "அயாத, அயாத, இன்னா பண்ணணும் சொல்லு" என்றாள்.

சிவப்புப் புள்ளியை மட்டும் பார்க்கச் சொன்னேன். இடது முனையில் புள்ளி இருப்பது முதல் கார்டு, அடுத்தது மயிரளவு தள்ளி, அடுத்தது இன்னும் மயிரளவு. பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள். பூ தொடுக்கிறவர்கள், இறால் உரிக்கிறவர்கள், கண்ணும் விரலும் பழகியவர்கள். எண்ணூர் தாண்டும்போது சின்னச் சின்னக் கட்டாக வந்தது. பேஸின் பிரிட்ஜில் வண்டி நின்று மூச்சு வாங்கியபோது எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டித் திருப்பினேன். சிவப்புக் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சாய்வாக, உடையாமல் ஓடியது.

இறால் வாசனை

ஒரே ஒரு கார்டு தேசம்மாவின் கூடைத் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. அதை மட்டும் மதராஸ் அலுவலகத்தில் புதிதாக அடித்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. இளைஞர் கட்டை வாங்கி ரீடரில் வைத்தார். சற்று நின்று மூக்கை உறிஞ்சினார். அறையில் ஏதோ வாசனை வருகிறதே என்றார். ஏசி வாசனையாக இருக்கும் சார் என்றேன்.

கார்டுகள் சரசரவென்று உள்ளே போயின. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அன்றைக்கு என் வீட்டுக்காரர் காதை வைத்துக் கேட்டாரே, அதே நிசப்தம். பிறகு பிரிண்டர் போல்ட், நட், வாஷர் என்று வரிசையாக அச்சடிக்க ஆரம்பித்தது. அந்த ஸ்டோர் பட்டியலை நான் பார்த்தது போல யாரும் தன் கல்யாணப் பத்திரிகையைக் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் சைக்கிளோடு நின்றிருந்தார். ஓடியது என்றேன். தலையை ஆட்டினார். பெட்டியை வாங்கிக் கேரியரில் வைத்தார். வரப்பு வழியாகப் பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது.

"அடியில எதுக்குக் கோடு போட்டீங்க? வாணாம்னு சொன்னேனே."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"அந்த மிசினுக்கு நான் பண்றதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்றார். "நீ போறியே, உனுக்கு எதுனா பண்ணணும்ல."

மாதக் கணக்கில் எனக்குள் நின்றிருந்த முள் அந்த வரப்பிலேயே விழுந்துவிட்டது. நான் கேரியரில் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டேன், விழாமல் பிடிக்கிற மாதிரி. அவர் கையும் அங்கேதான் இருந்தது.

பக்க எண்

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அம்மா, நீங்கள் அனுப்புகிற தாள்களின் அடி ஓரத்தில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, பேரக் குழந்தை பேனாவோடு விளையாடுகிறதா என்று கேட்டாள். ஆமாம், விளையாட்டுத்தான் என்று சொல்லி வைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு தாளுக்குக் கோடு எங்கே விழும், வெறும் புள்ளிதான் விழும். இவரிடம் எடுத்துச் சொல்லியும் பார்த்தேன். தாள் கலைந்து போனாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றிலும் பக்க எண் போட்டிருக்கிறேன் என்றேன். "சரி" என்றார்.

தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் பக்க எண் போட நான் ஒரு வாரமும் மறந்ததில்லை. அவரும் மறந்ததில்லை.